மலை இருக்குன்னு யாருமே சொல்லலையா?

1974-இல் எங்கள் மலையில் மோதி நொறுங்கிய விமானத்தின் நினைவாக நோட்டன் பிரிஜ்ஜில் வைத்திருக்கும் அந்த டயரைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வயதில் ஹட்டனுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி அதைத் தேடியவர்கள்தான் எல்லோரும். போன டிசம்பரில் அப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பும்போது அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேனிலிருந்து நாலைந்து பிள்ளைகள் இறங்கி டயரோடு படம் எடுத்தார்கள். ஒருவர் போனைப் பார்த்து வாசித்தார்: 1974, 191 பேர், விமானிகளின் பிழை. "ஆ, பைலட் பிழையா, சரி சரி" என்றார் இன்னொருவர். ஏறினார்கள், போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த "சரி சரி" மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. 191 உயிருக்கான கணக்கு அந்த ஒரு சொல்லோடு தீர்ந்துவிட்டது போல.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வளைவுகள் தொடங்கிய பிறகுதான் கேட்டார். "ஏன் தம்பி, அவங்களுக்கு அங்க மலை இருக்குன்னு யாருமே சொல்லலையா?" நான் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வேலை செய்கிறவன். விமானம் பற்றி ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் சட்டென்று சொன்னேன்: "ராத்திரிப்பா, தெரிஞ்சிருக்காது." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ராத்திரின்னா மலை எங்க போயிடும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றைய ராத்திரி

1974 டிசம்பர் 4. அப்பாவுக்கு அப்போது 17 வயது. பஞ்ச காலம். பாணுக்கு வரிசை, மரவள்ளிக் கிழங்குக்குச் சண்டை. தோட்டத்து லயத்தில் ராத்திரிச் சாப்பாடு என்பது சில நாள் வெறும் தேத்தண்ணியோடு முடிந்துபோகும். பத்து மணிக்கு மேல், எல்லோரும் படுத்த பிறகு, மலைப்பக்கம் ஒரு சத்தம். முதலில் இடி என்று நினைத்திருக்கிறார்கள். அப்புறம் பெரிய பாறை உருண்டு வருகிறது என்று பயந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்கு, வீட்டின் முன் திண்ணைக்கு, ஓடி வந்திருக்கிறார்கள். ஏழு கன்னியர் மலையில் நெருப்பு தெரிந்தது என்பார் அப்பா. ஏழில் ஐந்தாவது மலை. மலையில் சாமி கோபித்துக்கொண்டது என்று பாட்டி விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டாராம். விமானம் என்ற எண்ணம் விடியும்வரை யாருக்கும் வரவில்லை. வர நியாயமும் இல்லை. அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் நாட்டை விட்டுப் போனது, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் அழுதுகொண்டு ஏறிய ஒப்பாரிக் கோச்சியிலும் கப்பலிலும்தான். வானத்தில் போவது வேறு யாருக்கோ உரியது.

காலையில் பிரட்டுக்கு, தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, போனவர்களில் பலர் கொழுந்து மலைக்குப் போகாமல் அந்த மலைக்கு ஏறினார்கள். அப்பாவும் போனார். அங்கே கண்டதை அவர் முழுதாக எங்களிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு விஷயம்தான். ஒன்று, காட்டுச் செடிகளின் மேல் விரிந்து கிடந்த வெள்ளைத் துணிகள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கொண்டுபோகும் துணி என்று பிறகு தெரிந்துகொண்டாராம். இரண்டாவது, யாரோ ஒருவருடைய செருப்பு, ஒற்றை, கிழியாமல். அந்தச் செருப்பைத் தூக்கிப் பாறை மேல் பத்திரமாக வைத்துவிட்டு வந்தேன் என்பார். ஏன் வைத்தார் என்று அவருக்கும் தெரியாது.

அதில் வந்த 182 பயணிகளும் இந்தோனேசியர்கள். சுரபாயாவிலிருந்து புறப்பட்டு, கட்டுநாயக்கவில் இறங்கிவிட்டு ஜித்தா போக இருந்தவர்கள். இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக ஒல்லாந்தின் மார்ட்டின்எயார் ஓட்டிய டிசி-8 விமானம், பணியாளர்கள் 9 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. ஜாவாவில் அவர்களை வழியனுப்பிய குடும்பங்களுக்கு எங்கள் மஸ்கெலியா என்ற பெயரே அதுவரை தெரிந்திருக்காது. இன்றும் இந்த மண்ணில் நடந்த விமான விபத்துகளில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது அதுதான்.

நாற்பது மைல்

நான் விமானம் ஓட்டுகிறவன் அல்ல. விமானத்தில் எவ்வளவு எடை எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்த்து லோட் ஷீட் தயாரிக்கிற பகுதியில் இருக்கிறேன். ஆனால் பதினொரு வருடமாக விமானிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, இறங்குகிற கணக்கு எனக்கும் பழகிவிட்டது. ஒவ்வொரு கடல் மைலுக்கும் ஏறத்தாழ 300 அடி. அதாவது ஓடுபாதைக்கு 30 கடல் மைல் இருக்கும்போது 9,000 அடியில் இருந்தால் அவசரமில்லாமல் இறங்கலாம். பெரிய கணினி எல்லாம் வந்த பிறகும் விமானிகள் மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் வருவார்கள்.

அந்த டிசி-8 மலையில் மோதியது 4,300 அடிக்குச் சற்று மேலே. அங்கிருந்து கட்டுநாயக்க சுமார் 40 கடல் மைல். கணக்குப்படி அது 12,000 அடியில் இருந்திருக்க வேண்டும். பஸ்ஸில் அப்பா கேட்டதற்குப் பிறகு ஒரு ராத்திரி வேலைக்கிடையில் இந்த எண்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். பிறகு தலைகீழாகப் போட்டேன். 4,300 அடி என்பது எந்தத் தூரத்துக்குப் பொருந்தும்? ஓடுபாதையிலிருந்து 14, 15 மைலுக்கு. அங்கே மலை இல்லை, தென்னந்தோட்டமும் வயலும்தான். கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டேன். அவர்கள் கண்மூடித்தனமாக இறங்கவில்லை. வேறொரு இடத்துக்கு மிகச் சரியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேறொரு இடத்தை அவர்களுக்குக் காட்டியது என்ன? விசாரணை முடிவு சொல்வது இதுதான்: விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பி, விமான நிலையத்துக்குத் தாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாக எடுத்துக்கொண்டார்கள். டொப்ளர் கருவி கீழ்நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு வேகத்தையும் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையும் கணிக்கும். புறப்பட்ட இடத்திலிருந்து அதைக் கூட்டிக்கொண்டே வந்தால் இப்போது இருக்கும் இடம் கிடைக்கும். ஒரு சின்னப் பிசகு வந்தால் அதையும் சேர்த்தே கூட்டும். தண்ணீருக்கு மேலே பறக்கும்போது அது இன்னும் தடுமாறும். சுரபாயாவிலிருந்து இங்கே வரும் வழியில் கடல்தான் அதிகம். இரவு, மணிக்கணக்கான பறப்பு, கீழே தெளிவான அடையாளம் எதுவும் இல்லை. இறங்க அனுமதியும் கொழும்பிலிருந்து கிடைத்துவிட்டது.

ஆக அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், மலை அவர்களுக்குத் தெரியும் என்பதுதான். விமானிகள் கையில் வைத்திருக்கும் வரைபடங்களில் மலைகளும் எந்தப் பக்கத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கீழே வரக்கூடாது என்பதும் அச்சிட்டிருக்கும். அந்த மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். மலை அப்போது அவர்களுக்கு முன்னால் இருந்தது.

இதை எழுதும்போது இன்னொரு தேதியையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் மலையில் இது நடப்பதற்கு 3 நாள் முன்பு, 1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வெர்ஜினியா மாநிலத்தில் டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் மேகமூட்டத்தில் ஒரு குன்றில் மோதி 92 பேர் இறந்தார்கள். டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727. விமான நிலையத்துக்கு 44 மைல் தூரத்தில் இருக்கும்போதே அணுகுவதற்கான அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அனுமதி வந்துவிட்டால் கீழே தடை இருக்காது என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். மலையைத் தாண்டும் பொறுப்பு விமானிகளுடையது என்று கட்டுப்பாட்டு அறையில் நினைத்தார்கள். யார் பிழை என்பதில் விசாரணைக் குழுவே இரண்டாகப் பிரிந்தது. மூன்றே நாள் இடைவெளியில் பூமியின் இரண்டு பக்கங்களில் ஒரே மாதிரியான சாவு. ஒன்று விமானப் பாதுகாப்பு விதியை மாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன். மற்றது நோட்டன் பிரிஜ்ஜில் ஒரு டயராக நிற்கிறது.

"தானே"

இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அப்பா மட்டும் காரணமல்ல. என் சொந்த வேலையில் நடந்த ஒன்று இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லாதது.

சில வருடங்களுக்கு முன், மாலத்தீவுக்குப் போகும் ஒரு மாலை நேர விமானம். நல்ல மழை. பயணிகளின் பெட்டிகளோடு நுவரெலியா மரக்கறியும் போக இருந்தது: கரட், லீக்ஸ், கோவா, ஆயிரத்துச் சொச்சம் கிலோ. என் திட்டப்படி மரக்கறி முன் ஹோல்ட்டில், அதாவது முன்பக்கச் சரக்கு அறையில், பெட்டிகள் பின் ஹோல்ட்டில். எடை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் புறப்படும்போது வாலிலுள்ள சிறு இறக்கையை எந்த அளவில் வைப்பது என்று விமானி முடிவு செய்வார். முன்பக்கம் இருப்பதாக நாம் சொன்ன எடை பின்பக்கம் இருந்தால், ஓடுபாதையில் ஓடும்போது மூக்கு நினைத்ததைவிடச் சீக்கிரம், நினைத்ததைவிட லேசாகத் தூக்கும். பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். சமாளிக்க முடியாத நாளும் வரலாம்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் வோக்கி டோக்கியில் கீழே ஏற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். எல்லாம் பிளான் மாதிரித்தானே என்று கேட்டேன். சிங்களத்தில் கேட்டேன், "நேத?" என்று முடித்து. மழைச் சத்தத்துக்குள் "ஓவ், ஓவ்" என்று பதில் வந்தது. லோட் ஷீட்டை முடித்து மேலே கொண்டுபோய்க் கெப்டனிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். "இது நீங்கள் பார்த்ததா?" என்றார். "கீழே கன்ஃபர்ம் பண்ணினாங்க சேர்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவர் கன்ஃபர்ம் பண்ணினாரா, இல்லை நீங்கள் கேட்டதற்கு ஆமாம் என்றாரா?"

துணை விமானி மழையில் நனைந்தபடி விமானத்தைச் சுற்றிப் பார்த்தபோது, மரக்கறி ட்ரொலி பின் ஹோல்ட்டின் கதவடியில் நின்றதைக் கண்டிருக்கிறார். நான் கீழே ஓடினேன். மழைக்குப் பெட்டி ட்ரொலிகள் முதலில் வந்துவிட்டதால் அவற்றை முன்னால் ஏற்றிவிட்டு மரக்கறியைப் பின்னால் போட்டிருந்தார்கள். ஏற்றியவர் பொய் சொல்லவில்லை. "எல்லாம் ஏத்தியாச்சா" என்றுதான் நான் கேட்டதாக நினைத்து ஆமாம் சொல்லியிருக்கிறார். எல்லாம் ஏற்றித்தான் இருந்தது. இறக்கி மாற்றி ஏற்றவும் புதுத் தாள் போடவும் 25 நிமிடம் போனது. கெப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், திட்டவில்லை. விமானம் மழைக்குள் ஏறி மறைந்தது. நான் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு நின்றேன். கால் நடுங்கியது.

அன்றிலிருந்து "தானே" என்ற சொல்லை நான் வேலையில் பயன்படுத்துவதில்லை. "தானே" என்று முடிகிற கேள்வி கேள்வியே அல்ல. நாம் ஏற்கெனவே நம்பிவிட்ட ஒன்றுக்கு எதிரில் இருப்பவரிடம் ஆமாம் வாங்குகிற வழி அது. சிங்களத்தில் "நேத", தமிழில் "தானே", எதுவானாலும் ஒன்றுதான். இப்போது "பின் ஹோல்ட்டில் என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்கிறேன். எதிரில் இருப்பவர் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டிவரும். என்னோடு வேலை செய்யும் தம்பிமார் இதை என் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

அந்தத் தாளில் 4,300 அடியை எழுதிப் பார்த்த ராத்திரி எனக்கு நினைவுக்கு வந்தது இந்த மழைதான். விமான நிலையம் கிட்ட வந்துவிட்டது தானே? அந்த இரவில் கருவி ஆமாம் என்றது. ரேடார் திரையில் தெரிந்த ஏதோ ஒரு கரையும் ஆமாம் என்றிருக்க வேண்டும். எனக்கு அன்று பின் ஹோல்ட்டைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் இருந்தார். அவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால்தான் "விமானியின் பிழை" என்ற வார்த்தையை என்னால் அந்தப் பிள்ளைகள் மாதிரி விழுங்க முடியவில்லை. பிழை நடந்தது உண்மை. அதைப் பிடிக்க இரண்டாவது கண் ஒன்று வைக்காமல், 191 பேரை ஒருசிலரின் ஊகத்தில் ஏற்றி அனுப்பியதும் உண்மை.

1978 நவம்பர் 15 இரவு, இதே கட்டுநாயக்கவில் இறங்க வந்த இன்னொரு டிசி-8 தென்னந்தோட்டத்தில் விழுந்து 183 பேர் இறந்தார்கள். ஐஸ்லாந்து நிறுவனத்தின் விமானம், ஹஜ் முடித்துச் சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர்கள். நம் நாட்டு விசாரணை விமானிகள் முறைப்படி இறங்கவில்லை என்றது. ஐஸ்லாந்துத் தரப்பு நம் விமான நிலையக் கருவிகளையும் கட்டுப்பாட்டு அறையையும் காட்டியது. விரல்கள் எப்போதும் எதிர்ப்பக்கம்தான் நீளும்.

எட்டு வயதுப் பையன்

வெர்ஜினியாக் குன்றுக்குத் திரும்ப வருகிறேன். அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்க அரசு, பெரிய பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கெடு 1975 டிசம்பர். கருவி முன்பே இருந்தது. செய்தவர் கனடாவில் பிறந்த பொறியியலாளர் டொன் பேட்மன். விமானத்துக்கு நேர் கீழே தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ரேடியோ உயரமானி அளந்துகொண்டே இருக்கும். தரை வேகமாக மேலே வந்தால் "புல் அப்" என்று ஒரு குரல் கத்தும்.

பேட்மனைப் பற்றிப் படித்தபோது ஓரிடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. 1940-இல், அவருக்கு 8 வயது. சஸ்கட்டூன் நகரில் இரண்டு விமானங்கள் வானத்தில் மோதி விழுந்தன. பள்ளியிலிருந்து நழுவி நண்பனோடு போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டார். ஆசிரியர் தண்டனையாக, கண்டதை எழுதிக் கொண்டுவரச் சொன்னாராம். அந்தப் பையன் வளர்ந்து தன் வாழ்நாள் முழுவதையும் இதற்கே கொடுத்தார், 2023-இல் இறக்கும்வரை அவர் பெயர் வெளியே பலருக்குத் தெரியாது. எங்கள் மலையில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்த 17 வயதுப் பையனுக்கு மறுநாள் பிரட்டு இருந்தது. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பாவின் கேள்வியும் பேட்மனின் கேள்வியும் ஒன்றுதான் என்பதை நான் நிச்சயமாகச் சொல்வேன்.

முதல் கருவிக்கு ஒரு குறை இருந்தது. அது கீழே மட்டும் பார்த்தது. செங்குத்தாக எழும் மலை முன்னால் இருந்தால் அதற்குத் தெரிய நேரமாகும். 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிய விமானம் ஒன்று மலையில் மோதி 159 பேர் இறந்தபோது, அந்தக் குரல் சில விநாடிகளுக்கு முன்புதான் ஒலித்தது. பேட்மனின் குழு ஏற்கெனவே அடுத்ததில் இறங்கியிருந்தது: உலகத்தின் மேடு பள்ளம் முழுவதையும் ஒரு பெட்டிக்குள் வைப்பது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு அந்த நாட்டு இராணுவம் வரைந்து வைத்திருந்த வரைபடங்கள்கூட விலைக்கு வாங்கப்பட்டன. 1996 முதல் அந்தப் புதிய கருவி விமானங்களில் ஏறத் தொடங்கியது. விமானம் இருக்கும் இடத்தையும் அதன் முன்னாலுள்ள நிலத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே வரும். விமானி என்ன நம்புகிறார் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அது "தானே" என்று கேட்பதில்லை.

தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது ராத்திரி இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தோம். வானம் கழுவிவிட்டது போல இருந்தது. கிழக்கிலிருந்து ஒரு விளக்கு நகர்ந்து வந்தது. போனில் விமானங்களைக் காட்டும் ஆப்பைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன். சிங்கப்பூரிலிருந்து வருகிற விமானம், கட்டுநாயக்கவுக்கு இறங்குகிறது, உயரம் 12,600 அடி என்று போட்டிருந்தது. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அப்பா அந்தச் சின்ன மஞ்சள் உருவத்தைப் பார்த்தார்.

"அதுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்ப்பா. ஒவ்வொரு மலையும் எவ்வளவு உயரம்னு அதுக்குள்ள இருக்கு."

"நம்ம மலை?"

"நம்ம மலையும்."

"ஏழுமா?"

"ஏழும்."

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விளக்கு மலைமுகட்டைத் தாண்டி மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் பின்னாலேயே போனது. அது முழுவதுமாக அடங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு கதவருகில் நின்று, அடுத்தது எத்தனை மணிக்கு என்று கேட்டார்.